ஆக்சிஜன் தட்டுப்பாடு இல்லை: கண்காணிப்பாளர் விளக்கம்

மே 19, 2021, புதன்

ஆலஞ்சேரி அரசு தலைமை மருத்துவமனையின் கொரோனா பிரிவில் இன்று காலை 8.50க்கும் 10.20க்கும் இடையில் ஒன்பது பேர் இறந்தனர். ஆதாரம்: மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செய்திக் குறிப்பு, பிற்பகல் 1.15. ஒன்பது பேருக்குமே இணை நோய்கள் இருந்தன, ஆக்சிஜன் தட்டுப்பாடு காரணம் அல்ல என்று குறிப்பு சொல்கிறது. பெயர்ப் பட்டியல் மாலை 4 மணிக்கு வந்தது. ஆண்கள் ஐவர், பெண்கள் நால்வர்.

காலை 9.40க்கு மருத்துவமனை வாசலில் இருந்தேன். உள்ளே விடவில்லை. முதல் மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண், “காத்து வரல, யாராச்சும் சொல்லுங்க” என்று கீழே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. கத்திக் களைத்த பிறகு வரும் குரல் அது. திரவ ஆக்சிஜன் லாரி 10.40க்கு உள்ளே போனது. நேரில் பார்த்தேன். பதிவெண்ணைக் குறித்துக்கொண்டேன்.

இன்றைய ‘நாளோட்டம்’ மூன்றாம் பக்கத்தில் நான் நேற்று அனுப்பிய செய்தி வந்திருக்கிறது. ‘ஆக்சிஜன் தட்டுப்பாடு இல்லை: கண்காணிப்பாளர் விளக்கம்’. பதினான்கு வரி. கண்காணிப்பாளர் டாக்டர் சுகிர்தா மாலை 6.05க்குத் தொலைபேசியில் சொன்னதை வைத்து எழுதியது.

சகலை திருஞானம் நலம். திங்கள் முதல் இதே மருத்துவமனையில்தான் இருந்தார். நேற்று மாலை வேறு இடத்துக்கு மாற்றியது நல்லதாயிற்று.

வீட்டு மோட்டார் ஓடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நான்கு குடம் எடுத்து வந்தேன். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரில் எனக்கு 96, மனைவி மங்கைக்கு 97.

மே 20, வியாழன்

ஒன்பது பெயர்களும் மூன்றாம் பக்கத்தில் வந்தன. காலை 8.15க்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது.

“நாளோட்டமா?”

“ஆமாங்க. நிருபர் குலசேகரன் பேசுறேன்.”

“எம் பேரு கலியமூர்த்தி. கவர்மென்ட் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். இருவத்தாறு வருஷமா ஒங்க பேப்பருதான்.”

“சொல்லுங்க.”

“மூணாம் பக்கத்துல எஞ் சம்சாரம் பேரு இருக்கு. ஏழாவது. வசந்தகோகிலம்.”

வருத்தம் தெரிவித்தேன். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“ஒம்பதாம் பக்கத்த எடுங்க. மேல, வலது கைப் பக்கம். படிங்க.”

எடுத்தேன். “படிச்சேன்.”

“எனக்குக் கேக்குற மாதிரி.”

படித்தேன். ‘கயிறு ஆலைகளுக்கு ஆக்சிஜன்: ஏற்றுமதிக்கு மீண்டும் அனுமதி’.

“கயித்துக்குக் கெடச்சிருக்கு சார்” என்றார். வைத்துவிட்டார்.

சென்னையில் செய்தி ஆசிரியர் வேதமூர்த்தியிடம் சொன்னேன். “வணிகப் பக்கம் பண்றவன் சின்னப் பையன் இல்ல குலசேகரன் சார். பதினஞ்சு வருஷ சர்வீஸ். தலைப்பு ஆறு வார்த்தைக்குள்ள அடங்கணும்னா கை தானா அங்கதான் போகுது” என்றார்.

மே 21, வெள்ளி

எல்லா நிருபர்களுக்கும் துணை ஆசிரியர்களுக்கும் இன்று வேதமூர்த்தியின் சுற்றறிக்கை வந்தது. அரசியல், வணிகம், விளையாட்டு, சினிமா எதிலும் ‘ஆக்சிஜன்’ என்ற சொல்லை உவமையாகப் போடக் கூடாது. நோயாளி, சிலிண்டர், டேங்க், லாரி சம்பந்தப்பட்ட செய்திகளில் மட்டுமே போடலாம். கடைசி வரி இப்படி: ‘வதந்தி பரப்புவோருக்கு ஆக்சிஜன் கொடுக்கும் செய்திகளைத் தவிர்க்க வேண்டும் என்ற பழைய அறிவுறுத்தல் தொடர்கிறது.’

யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் என் பழைய செய்திகளைப் புரட்டிப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது ‘பிராணவாயு’ என்று எழுதுவோம். விபத்துச் செய்திகளில் மட்டும் வரும். 1998 இடைத்தேர்தலில் தோற்றுக்கொண்டிருந்த கட்சிக்கு ஒரு கூட்டணி ‘ஆக்சிஜன்’ ஆனது, என் கையால். அதன் பிறகு பதினோரு முறை. சர்க்கரை ஆலைக்கு, பஸ் நிலையக் கடைகளுக்கு, ஒரு கால்பந்து அணிக்கு. மூச்சு விட முடியாத மனிதனுக்கு என்று எழுதியது போன மாதம்தான் முதல் முறை.

ஒன்பது பேர் இறந்தது பற்றிக் கோட்டாட்சியர் விசாரிக்க ஆட்சியர் உத்தரவு. மாலை 5.30.

மே 22, சனி

வணிகப் பக்கத்தில் இன்று ‘பனியன் தொழிலுக்குப் புத்துயிர்’. இறந்தவர்கள் பட்டியல் இருக்கும் பேப்பரில் அதுவும் நன்றாக இல்லை.

மங்கையின் அக்கா போன் செய்தாள். திருஞானம் ஆக்சிஜன் மாஸ்க் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

“அக்கா ஒங்களுக்கு கும்புடு சொல்லச் சொன்னுச்சு” என்றாள் மங்கை. “நீங்க அன்னிக்கு நாலரைக்கு போன் பண்ணி ஒடனே மாத்துன்னு சத்தம் போடலன்னா அதுவும் அங்கதான் கெடந்திருக்கும், அத்தானும் அந்தப் பட்டியல்ல இருந்திருப்பாருங்குது. எப்புடிங்க ஒங்களுக்குத் தெரிஞ்சுது?”

“தெரிஞ்சுது. அவ்வளவுதான்.”

“அதான் எப்புடி?”

“சோத்தப் போடு.”

“போட்டுத்தான் இருக்கு. முன்னாடி பாருங்க” என்றாள்.

மோட்டாருக்கு ஆள் வரவில்லை. ஊரடங்கு. நானே கழற்றிப் பார்த்தேன். கெபாசிட்டர் போயிருக்கிறது.

மே 23, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

மே 24, திங்கள்

தளர்வில்லா ஊரடங்கு இன்று முதல். காய்கறி வண்டி 7 மணிக்கு வந்தது. கத்தரி, சுரை.

அந்தப் பதினான்கு வரி எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன். பிறகு யாராவது கேட்டால் தேதி, நேரம் குழம்பக் கூடாது.

இந்த ஊரில் ‘தமிழ்ச்சூறாவளி’ என்று ஒரு யூடியூப் சேனல் இருக்கிறது. நடத்துபவர் இளவழகன். கற்பூரம் முகர்ந்தால் கொரோனா ஓடும் என்றவர். உயிரோடு இருந்த ஒரு தலைமை ஆசிரியரை ஏப்ரலில் சாகடித்தவர். அவருடைய பேச்சில் சரிபார்க்கக் கூடியவை என்று நான் எடுத்துக்கொண்ட இருபத்து மூன்றில் பத்தொன்பது பொய். மே 18 மாலை 5.30க்கு அவர் நேரலையில் வந்தார். பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் விடிந்தால் தாங்காது என்றார். அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

வேதமூர்த்தி அழைத்தார். “மறுப்பு ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க. அவன் பேரு வேண்டாம், அவன் சொன்னதும் வேண்டாம். விளக்கம் மட்டும்.” இது எங்கள் வழக்கம். புரளிக்கு மறுப்பு போடுவோம், புரளியைப் போட மாட்டோம். படிப்பவருக்கு எது மறுக்கப்படுகிறது என்று தெரியாது. மறுப்பு மட்டும் தானாக வந்த உண்மை மாதிரி பக்கத்தில் நிற்கும்.

டாக்டர் சுகிர்தா மூன்று நாள் வீட்டுக்குப் போகாதவர். குரல் கம்மியிருந்தது. “லாரி கிளம்பியாச்சு சார். அது வந்துட்டாப் போதும், பிரச்சினை இல்ல. பயத்தைக் கிளப்பிடாதீங்க. சிலிண்டரைத் தூக்கிட்டு ஓடுவாங்க” என்றார். அதில் தவறில்லை. பயந்த ஊரில் சிலிண்டர் பதுக்கப்படும் என்பதும் உண்மைதான்.

அந்த நிபந்தனை, லாரி வந்துவிட்டால், என்பது அச்சில் இல்லை. இடம் போதாமல் சென்னையில் வெட்டியிருப்பார்கள்.

மே 26, புதன்

கலியமூர்த்தி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பஸ் நிலையத்தின் எதிரே, பூட்டிய சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. போலீஸ் எப்படி விட்டது என்று கேட்டேன்.

“பழைய கண்டக்டர் பேட்ஜக் காட்டுனேன். என்னான்னு பாக்காமயே விட்டுட்டான்” என்றார்.

அறுபத்திரண்டு வயது இருக்கும். இரண்டு மாஸ்க். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. பஸ்ஸில் நின்று பழகிய கால் என்று நினைத்தேன். சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். 19ஆம் தேதி மூன்றாம் பக்கம். பதினான்கு வரியைச் சுற்றி நீல மையில் கோடு போட்டிருந்தார்.

“அன்னிக்கு நான் கயித்தப் பத்திப் பேசுனேன். இதப் பத்திப் பேச வாய் வரல.”

பிறகு நடந்ததைச் சொன்னார். டிக்கெட் கிழிப்பது போல நேரம் நேரமாக.

மருமகன் பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் படுக்கை பிடித்துவிட்டார். 19ஆம் தேதி காலை 5.50க்கு ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. வசந்தகோகிலத்தை இறக்கிக் கொண்டுவர ஸ்ட்ரெச்சர் கேட்டுவிட்டு வாசலில் நின்றவர் கையில் அன்றைய பேப்பர் வந்தது.

“ராத்திரி பூரா எல்லாரும் செல்லுல அந்தச் சூறாவளிப் பயலப் பாத்துட்டு அழுதுட்டு இருக்காங்க. நான் சொன்னேன், அவங் கெடக்கான், காலைல நாளோட்டம் வரட்டும், அதுல என்னா போட்டிருக்குன்னு பாப்போம்னு. பாத்தேன். தட்டுப்பாடு இல்லன்னு இருந்துச்சு. நல்லாத் தேறிட்டு வர்றவள எதுக்கு அறுவது கிலோமீட்டர் குலுக்கிட்டுப் போகணும்னு ஆம்புலன்ஸ அனுப்பிட்டேன்.”

“சும்மாவா அனுப்பினீங்க?”

“இல்ல. எடங் கெடைக்காம வாசல்ல ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு ஆட்டோக்குள்ளயே மூச்சு வாங்கிட்டுக் கெடந்துச்சு. அத ஏத்தி விட்டேன். அது பொழச்சிருச்சு. நேத்து அதோட அப்பாரு போன் பண்ணி அழுவுறாரு, நீங்க தெய்வம்னு.” காகிதத்தை மடித்தார். “நான் ஒங்களச் சண்ட புடிக்க வரல. விசாரணைன்னு போட்டிருக்கீங்களே, அதுல போயி நான் சொல்லணும். முந்துன நாளே ஆஸ்பத்திரில யாருக்காச்சும் தெரிஞ்சிருக்கும்ல? தெரிஞ்சுதான் மறைச்சாங்களான்னு கண்டுபுடிக்கணும். ஒங்களுக்கு ஆளு தெரியுமே. கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மே 27, வியாழன்

அனுப்பிய செய்தியின் நகல் என் மெயிலில் இருக்கிறது. மே 18, மாலை 6.40. பதினான்கு வரி. சென்னையில் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. லாரி வந்துவிட்டால் என்பது நான் அனுப்பியதிலேயே இல்லை.

கெபாசிட்டர் கிடைத்தது. மோட்டார் ஓடுகிறது.

மே 29, சனி

பழைய குறிப்பேட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மே 18. 4.10. ம.சூ. மீட்டர் கால் பங்குக்குக் கீழ். இதே ஓட்டம் என்றால் காலை 8, 9 வரை. லாரி வேறு ஊருக்குத் திருப்பப்பட்டதாகப் பேச்சு.

ம.சூ. என்பது மரியசூசை. மருத்துவமனையில் ஆக்சிஜன் டேங்க்கைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி. ஐந்து வருடப் பழக்கம். எனக்கு ஒரு தடவையும் தவறாகச் சொன்னதில்லை.

ஒரே ஆள் சொன்னால் எழுத மாட்டோம். இன்னொருவர் வேண்டும், அவர் அதிகாரியாக இருந்தால் நல்லது. இது நல்ல விதி. முப்பத்தொரு வருடமாக என்னைக் காப்பாற்றிய விதி. இரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் 5.30க்கு இளவழகன் அதையே சொன்னார். எங்கிருந்து பிடித்தாரோ தெரியாது. அவர் வாயிலிருந்து வந்ததும் என் கையில் இருந்த தகவல் புரளியாகிவிட்டது. என் குறிப்பேட்டில் இருந்ததையே நான் சந்தேகப்பட்டேன். நான் எழுதினால் அந்த ஆளுக்கு ஆக்சிஜன் கொடுத்தது போலாகும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. இந்தச் சொல்லில்தான் நினைத்தேன்.

டாக்டர் சுகிர்தாவிடம் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று நான் கேட்கவில்லை. பயந்தோ மறந்தோ அல்ல. மறுப்பு வாங்கப் பேசும்போது கேள்வி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

குறிப்பேட்டில் அடுத்த வரி: 4.25. அக்கா வீடு.

மே 31, திங்கள்

மங்கை அந்தக் குறிப்பேட்டைப் படித்திருக்கிறாள். மேசையில் விட்டது என் தவறு.

“அக்காவுக்கு போன் பண்ணுனது இதப் பாத்துட்டா?”

“ஆமாம்.”

“அப்பறம் பேப்பர்ல அப்புடி எழுதுனீங்களா?”

அவள் மாஸ்க்குகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டு அலசினாள். கொடியில் போடும்போது கிளிப் மாட்டாமல் போட்டாள். காற்றில் இரண்டு விழுந்தன. நான் எடுத்துப் போட்டேன்.

ஜூன் 1, செவ்வாய்

வேதமூர்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது நிமிடம். என் பெயரில் ஒரு விளக்கம் எழுதித் தருகிறேன், மூன்றாம் பக்கத்தில், அதே அளவில் போடுங்கள் என்றேன்.

“என்ன சார் பேசுறீங்க? கண்காணிப்பாளர் சொன்னத நீங்க எழுதினீங்க. ஆடியோ இருக்கா?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன? சொன்னவங்க தப்பு.”

“முன்னாடியே எனக்குத் தெரியும்னு சொல்றேன்.”

“ஒரு டேங்க் ஆபரேட்டர் போன்ல சொன்னது தெரிஞ்சது ஆகாது. நீங்கதானே புதுசா வர்றவங்களுக்கு அத வகுப்பு எடுப்பீங்க?”

சகலை விஷயத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

“இத யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்றார் மெதுவாக. “ஒங்க நல்லதுக்குச் சொல்றேன். நாளோட்டம் மறைச்சது, சூறாவளி சொன்னதுதான் உண்மைன்னு ஆயிடுச்சுன்னா என்ன ஆகும்? அவன் அடுத்து ஊசி போட்டா செத்துடுவேன்னு சொன்னாலும் ஊரு நம்பும். அவனுக்கு இதவிடப் பெரிய ஆக்சிஜன்…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். “தலையங்கக் குழுவுல வைக்கிறேன். எழுதி அனுப்புங்க. ஆனா பிடிவாதம் பிடிக்காதீங்க.”

அவர் சொன்னதில் பாதி சரி. அதுதான் சங்கடம்.

ஜூன் 3, வியாழன்

மரியசூசையைப் பிணவறைக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் பார்த்தேன். காலை 10.30. ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்திருந்தார். தலை ஈரம். இளைத்திருந்தார்.

“பேசுறதுக்குப் பயமா இருக்கு சார். ஒங்களப் பாத்தா இல்ல. எல்லாரையும் பாத்தா.”

விசாரணையைச் சொன்னேன். அவர் பெயரைச் சொல்லாமல் என் சாட்சியை எழுதித் தரப் போகிறேன், அவர் வந்து சொன்னால் வலு என்றேன்.

“வேல போயிரும்.”

“போகலாம்.”

“அன்னிக்கும் போயிருக்கும் சார். நீங்க போட்டிருந்தா, யாரு சொன்னதுன்னு ஒரு மணி நேரத்துல கண்டுபுடிச்சிருப்பாங்க. டேங்க்கிட்ட இருக்குறது நாங்க மூணு பேரு. நான் ஒங்களுக்கு போன் அடிக்கிறதுக்கு முன்னாடி எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், வேல போவப் போவுதுடின்னு. சரி போவட்டும், சொல்லுன்னா. போனு பண்ணுனேன்.” ஈரத் தலையைத் துண்டால் அழுத்தினார். “மறுநா காலைல பேப்பரப் பாத்தா தட்டுப்பாடு இல்லன்னு இருக்கு. சரி, சாருக்கு நம்மளவிடப் பெரிய எடத்துல தெரிஞ்சிருக்கும், லாரி வந்துருமாட்டம் இருக்குன்னு நெனச்சிட்டு மீட்டரையே பாத்துட்டு ஒக்காந்திருந்தேன்.”

“அதப் படிச்சுட்டு நீங்களுமா?”

“ஆமா சார். ரெண்டு சிலிண்டர அவசரத்துக்குத் தனியா உருட்டி வெச்சிருந்தேன். அதக்கூடப் பழைய எடத்துலயே கொண்டு போயி வெச்சிட்டேன்.”

சாட்சிக்கு வருவீர்களா என்று மறுபடி கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். போகும்போது, “வர்றேன் சார்” என்றார், எப்போதும் போல.

ஜூன் 5, சனி

கோட்டாட்சியர் அலுவலக அறிவிப்பு. மே 19 இறப்புகள் குறித்து விவரம் அறிந்தவர்கள் ஜூன் 9 மாலை 5 மணிக்குள் எழுத்து மூலம் தரலாம். நேரடி விசாரணை ஜூன் 14 திங்கள், காலை 11. நேற்று எட்டு வரியில் அனுப்பினேன். எட்டு வரியும் வந்தது.

ஜூன் 6, ஞாயிறு

சகலை போன் செய்தார். மொட்டை மாடியில் நடக்கிறாராம். “உம்மாலதான்யா” என்றார். மங்கையிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 7, திங்கள்

மங்கை காலையில் என் விரலில் மீட்டரை மாட்டிவிட்டுச் சொன்னாள்: “அந்தக் கண்டக்டர் வீட்டுக்குப் போயிட்டு வாங்க. இல்லன்னா இப்புடித்தான் எனக்கு முன்னாடி ஒக்காந்து சோத்தப் பெசஞ்சுட்டே இருப்பீங்க.” எண்ணைச் சொல்லவில்லை. கழற்றி வைத்துவிட்டாள்.

ஜூன் 8, செவ்வாய்

கலியமூர்த்தி வீடு, கீழரதவீதி தாண்டி இரண்டாவது சந்து. மாலை 4 மணி. தனியாக இருந்தார். மகள் இங்கே வர முடியாமல் தன் ஊரில் அடைபட்டிருக்கிறாள். கூடத்தில் வசந்தகோகிலத்தின் படம், ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. கடைகள் திறக்காததால் சட்டம் போடவில்லை. நாளிதழ்கள் சுவரோரம் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. 20ஆம் தேதிக்குப் பிறகும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

“விசாரிச்சீங்களா? யாருக்குத் தெரிஞ்சிருந்துச்சு?” என்றார்.

“எனக்குத் தெரியும்.”

“அதான் கேக்குறேன். யாருக்கு?”

“எனக்குத்தான். மொத நா சாயங்காலம் 4.10க்கு எனக்குத் தெரியும்.”

வரிசையாகச் சொன்னேன். 4.10, 4.25, 5.30, 6.05, 6.40. எதையும் விடவில்லை. அவர் இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பஸ்ஸில் கடைசி இருக்கை வரை டிக்கெட் போட்டு முடிக்கிற வரைக்கும் பேசாத ஆள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் எழுந்து உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. போய்விடலாமா என்று நினைத்தேன். ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்து என் முன்னால் வைத்தார்.

“ஒங்க சகல இப்ப எப்புடி இருக்காரு?”

“நடக்குறாரு.”

“நல்லது.”

நான் தண்ணீரைக் குடிக்கவில்லை. அவர் அதைப் பார்த்தார்.

“குடிங்க. குடிச்சுட்டு, இப்ப சொன்னத எழுதிக் குடுங்க. நாளைக்கு அஞ்சு மணி வரைக்குந்தான் டயமுன்னு ஒங்க பேப்பர்லதான் போட்டிருந்துச்சு.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அவருடைய பழைய டிரிப் ஷீட் அட்டையைத் தாங்கலாக வைத்துக்கொண்டு. செய்தி எழுதும் முறையிலேயே எழுதினேன். வேறு முறை எனக்கு வராது. கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

“‘ஆக்சிஜன் இருப்பு குறைந்திருந்ததாகக் கூறப்படுகிறது.’ யாரு கூறுறா?”

“மருத்துவமனையில வேலை செய்றவர். பேரு சொல்ல அவர் இன்னும் சம்மதிக்கல.”

“பேரு வேணாம். யாருகிட்ட கூறுனாரு?”

“எங்கிட்ட.”

“அப்ப அப்புடி எழுதுங்க.”

அடித்துவிட்டு எழுதினேன். ‘என்னிடம் கூறினார்.’

திரும்பக் கொடுத்தேன். படித்தார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

“கூறுனத நீங்க நம்புனீங்களா, நம்பலியா?”

பேனா கையில் இருந்தது. என் முப்பத்தொரு வருடத்தில் ஒரு செய்தியிலும் இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதியதில்லை. எழுதக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எழுதினேன்: ‘நான் அதை நம்பினேன்.’

அவர் அந்த வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இன்னொரு பிரதி எடுக்கச் சொன்னார். ஒன்று கோட்டாட்சியருக்கு, ஒன்று அவருக்கு. இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். நேரமும் போடச் சொன்னார். 5.35.

வாசல் வரை வந்தார்.

ஜூன் 9, புதன்

கோட்டாட்சியர் அலுவலகத்தில் என் வாக்குமூலத்தை இன்று காலை 11.50க்குக் கொடுத்தேன். ஆதாரம்: தபால் பிரிவு எழுத்தர் முத்திரை குத்தித் தந்த நகல். மே 18 குறிப்பேட்டுப் பக்கத்தையும் டாக்டர் சுகிர்தா பேசிய ஒலிப்பதிவையும் இணைத்திருக்கிறேன். ‘ம.சூ.’ என்ற எழுத்துகளை மை கொண்டு மறைத்துவிட்டேன். எழுத்தர், “நீங்க செய்தி கேக்க வந்தீங்கன்னு நெனச்சேன் சார்” என்றார்.

வாக்குமூலத்தில் உள்ளதையே சுருக்கிப் பதினான்கு வரியில் வேதமூர்த்திக்கு அனுப்பியிருக்கிறேன். தலையங்கக் குழு நாளை பிற்பகல் 3 மணிக்குக் கூடுகிறது. முடிவு மாலைக்குள் தெரியும். போடுவார்களா, போட்டாலும் எனக்கு வேலை இருக்குமா என்பது அதில் அடக்கம்.

மரியசூசையை இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. 14ஆம் தேதி காலை 11 மணிக்கு விசாரணைக்கு நான் போகிறேன். கலியமூர்த்தியும் வருகிறார். மரியசூசை வருவாரா என்பது அன்றுதான் தெரியும். கோட்டாட்சியர் அறிக்கை ஜூன் 30க்குள் ஆட்சியரிடம் போக வேண்டும். இறப்புக்கான காரணம் என்று அதில் என்ன எழுதப்படும் என்பது அதுவரை உறுதியாகவில்லை.